செவில் நகரத்தில் வைரக்கண்ணு மாஸ்டர் போட்ட மதியச் சாப்பாடு

எங்கள் டிராவல்ஸ் நோட்டீசில் முதல் வரியே சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். "ஐரோப்பாவில் எந்த ஊருக்குப் போனாலும் நம்ம ஊர்ச் சாப்பாடு, நம்ம ஊர் மாஸ்டர் கையால்." அந்த மாஸ்டர் வைரக்கண்ணு. நான் அவருக்குப் பதினோரு வருஷம் கையாளாக இருந்தவன். என் பெயர் ஜெக்கரியா, ஊர் வேளாங்கண்ணிக்கு மேற்கே. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. எனக்குத் தெரிந்த தமிழில் அந்த மனிதரைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

மாஸ்டர் நெட்டையான ஆள். இடது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்து கோணலாகக் கூடியிருக்கும். அந்தக் கையாலேயே நாற்பது பேருக்கான சாம்பார் அண்டாவை இறக்கி வைப்பார். வெளிநாட்டு ஓட்டல்களில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை. அங்கே கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ளும். மாஸ்டர் ரவை மூட்டையை இழுத்துக் கதவிடுக்கில் போட்டுவிட்டுத்தான் படுப்பார். ஓட்டல்காரர்கள் வந்து சத்தம் போடுவார்கள். "ஏங்க, நம்ம பாஸ்போர்ட்ட எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"தூக்கிட்டுப் போவட்டும். கதவ மட்டும் சாத்தாத."

இரண்டாவது வருஷம்தான் காரணத்தைச் சொன்னார். "நான் சாத்திக்கன்னு சொன்ன கதவுக்குள்ளதான்டா எம் பொண்டாட்டி வெந்து செத்தா."

குத்தாலத்துக்குத் தெற்கே கொன்றைச்சேரி என்று ஒரு கிராமம். உதயசூரியன் ஆட்சிக்கு வந்து மூன்றாவது தை. வைரக்கண்ணுக்கு இருபத்தொரு வயது. பொன்னுத்தாயைக் கட்டி எட்டு மாசம். அறுப்புக் கூலியில் அரைப்படி கூடக் கேட்டுச் செங்கொடிச் சங்கம் வேலையை நிறுத்தியிருந்தது. பெரிய பண்ணையார் கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்து ஆட்களை இறக்கினார்.

காலையில் அந்த ஆட்கள் வயலில் இறங்கியதும் சங்கத்துக்காரர்கள் மறித்தார்கள். முதலில் வாய்ப்பேச்சு. பிறகு பண்ணை அடியாட்கள் மூங்கில் கழியோடு வரப்பில் ஓடி வந்தார்கள். அரிவாள் வைத்திருந்தவன் அரிவாளை ஓங்கினான், இல்லாதவன் மண்ணாங்கட்டியை எடுத்தான். அறுந்த காது ஒன்று நெல் தாளுக்கு நடுவே கிடந்ததை வைரக்கண்ணு பார்த்தாராம். பண்ணை வேலையை மேற்பார்க்கிற காரியக்காரர் மண்டை பிளந்து வாய்க்காலில் குப்புற விழுந்தார். அவர் முகத்தைச் சுற்றித் தண்ணீர் சிவந்துகொண்டே போனது.

"நான் அவர அடிக்கல ஜெக்கரியா. ஆனா தூக்கியும் விடல" என்று மாஸ்டர் சொன்னார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சேதி வந்தது. பண்ணை ஆட்கள் இரண்டு டிராக்டரில் வருகிறார்கள், பின்னாலேயே போலீசும் வருகிறது, ஆண் பிள்ளை எவனும் வீட்டில் இருக்கக் கூடாது. பெண்களைத் தொடமாட்டார்கள் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அந்தத் தெருவில் பதினெட்டுக் குடிசை. பதினேழுக்குத் தென்னந்தட்டிதான் கதவு. வைரக்கண்ணு வீட்டுக்கு மட்டும் மரக்கதவு. குத்தாலத்தில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து வாங்கி, ஏழு மைல் தலையில் சுமந்துவந்து மாட்டியது. உள்ளே தாழ்ப்பாள், வெளியே பித்தளை வளையம். தெருவே அவரைக் "கதவுக்கார மாப்பிள்ளை" என்று கேலி பேசும்.

"அமிர்தத்தையும் கூட்டிக்கிட்டு உள்ள போ. தாப்பாளப் போடு. நான் வந்து கூப்புடுற வரைக்கும் எவன் கூப்புட்டாலும் தொறக்காத" என்றார் பொன்னுத்தாயிடம். அமிர்தம் என்பது பக்கத்து வீட்டுப் பெண்.

"நீங்க?"

"நான் இருந்தாத்தான் நம்ம வீட்டத் தேடி வருவானுங்க."

ஆற்றங்கரை நாணலுக்குள் பதுங்கிப் பார்த்தார். துண்டால் முகத்தை மூடிக் கட்டிய ஆட்கள் பந்தத்தோடு தெருவுக்குள் போனார்கள். முதலில் ஒரு கூரை பிடித்தது. பிறகு வரிசையாகப் பிடித்தது. நாணலை விட்டு எழுந்து ஓடினார். மதகடியில் போலீஸ் வண்டி. தடியால் அடித்தார்கள், விழுந்த பிறகும் அடித்தார்கள். அவருடைய இடது கையை மதகுக் கட்டையின் மேல் வைத்து ஒரு போலீஸ்காரர் பூட்ஸ் காலால் மிதித்தார். எலும்பு ஒடிந்த சத்தத்தைவிட ஊரில் மூங்கில் வெடிக்கிற சத்தம் பெரிதாகக் கேட்டது என்றார் மாஸ்டர்.

காரியக்காரர் செத்த கேசில் அவரை மூன்று வருஷம் உள்ளே வைத்திருந்தார்கள். பொன்னுத்தாயும் அமிர்தமும் கரிக்கட்டையாகக் கிடந்ததை ஜெயிலில் வைத்துத்தான் கேள்விப்பட்டார். "மத்த பொம்பளைங்களப்போலத் தொறந்துக்கிட்டு ஓடி வந்திருக்கலாமாம். புருஷன் தொறக்காதன்னு சொன்னாருன்னு உள்ளயே இருந்துருக்கா" என்று குத்தாலத்திலிருந்து சேதி கொண்டுவந்தவன் சொன்னான். பொன்னுத்தாயின் அண்ணன் இராஜாங்கமும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். "எந்தங்கச்சிய அடச்சு வச்சிட்டு ஓடுனவன் இந்த ஊரு எல்லைய மிதிச்சா உசுரோட திரும்ப மாட்டான்."

கொளுத்தியவர்கள் மேல் நடந்த கேஸ் சாட்சி போதாது என்று தள்ளுபடியானது. வைரக்கண்ணு விடுதலையான அன்றே மெட்ராசுக்கு ரயில் ஏறினார். மெஸ், கல்யாண மண்டபம், கடைசியில் டூர் சமையல். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொன்றைச்சேரிக்கும் போகவில்லை. என்றைக்காவது நான் ஜெபமாலை சொல்லும்போது பக்கத்தில் வந்து உட்காருவார். "ஒங்க மாதாகிட்ட எனக்காவ ஒண்ணு கேளு. அவ உள்ள என்ன நெனச்சிக்கிட்டு இருந்தான்னு மட்டும் கேளு" என்பார். நானும் கேட்பேன். மன்னிப்புக்கூட அவர் கேட்கவில்லை. அந்த ஒன்று தெரியாமல் செத்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை.

2009 ஏப்ரலில் ஸ்பெயின் டூர் போனோம். இருபத்தாறு பேர். பாதிக்கு மேல் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள். அதில் பஞ்சநதம் என்று ஒருவர், பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட மனைவி சாவித்திரி அம்மா. எல்லாரும் வைரக்கண்ணுவை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது.

"மாஸ்டர், நேத்து ரசத்துல பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்" என்பார் பஞ்சநதம்.

"ஏரோப்ளேன்ல வந்ததுல அதுவும் வீங்கிருச்சுங்க ஐயா."

பிலார் என்ற ஸ்பெயின் நாட்டு அம்மாள்தான் வழிகாட்டி. அவர் இங்கிலீஷில் சொல்வதை எங்கள் டூர் மேனேஜர் தம்பி தமிழில் சொல்வார். மாத்ரித்தில் அரண்மனை பார்த்தோம். தொலேதோவில் கடைக்குக் கடை வாள் தொங்கியது. "இத்தன கத்தி செய்றானே, ஒரு அருவாமனை செய்யத் தெரியுதா பாருங்க" என்றார் சாவித்திரி அம்மா. ஓட்டலுக்குள் தலைக்கு மேலே பன்றித் தொடைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துச் சைவக் குடும்பங்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. அன்றைக்கு எங்கள் லெமன் சாதம் பஸ்ஸிலேயே தீர்ந்தது.

அந்த ஊரில் ஒரு சதுக்கம் உண்டு. பழைய காலத்தில் வேதத்துக்கு விரோதி என்று பிடித்தவர்களுக்கு அங்கேதான் தீர்ப்புச் சொல்லி, பிறகு ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரிப்பார்கள் என்று பிலார் சொன்னார். என் வேதத்தின் பெயரால் நடந்தது என்பதால் எனக்குத் தலை குனிந்தது. தண்ணீர் கேனைத் தூக்கி வந்த மாஸ்டர் மேனேஜரிடம் கேட்டார்.

"தம்பி, அடச்சு வச்சு எரிப்பாங்களா, கட்டி வச்சு எரிப்பாங்களான்னு கேளுங்க."

மேனேஜர் கேட்டுச் சொன்னார். "கட்டி வச்சுதானாம் மாஸ்டர். கம்பத்துல."

"அப்ப தேவலாம். மொகத்தப் பாத்துக்கிட்டே கொன்னுருக்கானுங்க."

போட்டோ எடுத்துக்கொண்டிருந்த பஞ்சநதம் காமிராவை மூடினார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கோர்தோபாவில் சிவப்பும் வெள்ளையுமாக வளைவு வளைவாக நிற்கிற பெரிய மண்டபத்தைப் பார்த்துவிட்டு செவிலுக்குப் போனோம். வழியில் ஒரு ஆற்றைக் காட்டி, இதன் கடைமடையில் நெல் விளைகிறது என்றார் பிலார். பஸ்ஸே எழுந்து நின்றது.

"கடைமடைக்குத் தண்ணி வருதாமா? கேளுங்க, கேளுங்க!"

"மேல எவனும் அணை கட்டி நிறுத்தலியாமா?"

செவிலில் அது பரிசுத்த வாரம், புதன்கிழமை. ஆண்டவருடைய பாடுகளைச் சொரூபங்களாகத் தூக்கிக்கொண்டு பவனி வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பவனி போகும் பாதையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டால் எல்லாரும் பார்க்கலாமே என்று பிலாரிடம் மேனேஜரை விட்டுக் கேட்கச் சொன்னவன் நான்தான். அதை மறைக்கக் கூடாது. பிலார் ஒரு குறுகலான சந்தில் ஓட்டல் கூடம் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு வெளியே இரும்பு ஷட்டர். பின்னால் சமையல்கட்டு. வேறு வழி கிடையாது.

மூன்று மணி இருக்கும். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் பரிமாறிவிட்டு, தயிர் சாதம் பிசைய மாஸ்டர் உள்ளே போனார். கண்ணாடிக்கு வெளியே பவனி வந்தது. உச்சியில் கூம்பாக நிற்கும் முக்காடு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை, கையில் ஆள் உயர மெழுகுத்திரி. தவம் செய்கிற பாவியின் முகம் பிறருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி என்று பிலார் சொன்னார். சாம்பிராணிப் புகை சந்து முழுக்க மூடியது. நான் முழங்காலில் நின்றேன். மாஸ்டர் இதை ஒன்றும் பார்க்கவில்லை.

சந்து முனையில் இரும்புத் தடுப்பு ஒன்று சாய்ந்து விழுந்தது. டமார் என்ற சத்தம். யாரோ வீரிட்டார்கள். அவ்வளவுதான், கூட்டம் என்ன ஏது என்று தெரியாமலே ஓடத் தொடங்கியது. ஓட்டத்தில் ஒரு குழந்தை வண்டி கவிழ்ந்தது. முக்காட்டுக்காரர்களும் எரிகிற திரியைச் சாய்த்துப் பிடித்தபடியே ஓடி வந்தார்கள். பிலார் பாய்ந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். மேனேஜர் கத்தினார்.

"எல்லாரும் உள்ள தள்ளிப் போங்க! கதவ சாத்துங்க! சாத்துங்க!"

அந்த நேரத்தில்தான் மாஸ்டர் தயிர் சாத அண்டாவோடு வெளியே வந்தார். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே நெருப்பு ஓடியது. முகம் மூடிய ஆட்கள். புகை. காதில் "சாத்துங்க" என்ற சொல்.

அண்டா கீழே விழுந்து உருண்டது. "சாத்தாத!" என்று கத்தினார். அது மனுஷக் குரலாகவே இல்லை. நீளக் கரண்டியைத் தூக்கி மேனேஜர் தோளில் அடித்தார். கழுத்தெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் போய்க் கட்டிப் பிடித்தேன். திரும்பி ஒரு குத்து, என் முன்பல் இரண்டு போய்விட்டது. குக்கரை எடுத்துக் கண்ணாடியில் எறிந்தார். கண்ணாடி மேலிருந்து கீழ்வரை கொட்டியது. ஷட்டரை அந்தக் கோணல் கையால் தலைக்கு மேலே தூக்கினார்.

"வெளிய வாங்கடி! பொம்பளையெல்லாம் வெளிய வா! கொளுத்திருவானுங்க!"

கைக்குக் கிடைத்தவர்களை இழுத்துச் சந்தில் தள்ளினார். ஓடுகிற கூட்டத்துக்கு நடுவே எங்கள் ஆட்கள் போய் விழுந்தார்கள். சாவித்திரி அம்மா வரமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நிலையில் நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடி உள்ளங்கையில் இறங்கியது. அந்தக் கையைப் பிடித்தே மாஸ்டர் இழுத்தார். இரண்டு விரல் அடியோடு பிளந்து தொங்கின. அந்த அம்மா விழுந்த இடத்தில் கூட்டம் மிதித்துக்கொண்டு போனது.

ஐந்தே நிமிஷம். பிறகு கூட்டம் நின்றது. ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. முக்காட்டுக்காரர் ஒருவர் முக்காட்டைக் கழற்றிவிட்டு ஓடி வந்து சாவித்திரி அம்மாவின் கையைத் தன் அங்கியால் சுற்றினார். பதினெட்டு வயசுப் பையன். அழுதுகொண்டிருந்தான். மாஸ்டர் அந்த முகத்தையே பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே போட்டார். உள்ளேயே இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. அத்தனை ரத்தமும் எங்கள் மாஸ்டர் சிந்த வைத்தது.

ஆஸ்பத்திரியில் மாஸ்டரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் போலீஸ் நின்றது. சாவித்திரி அம்மா புகார் கொடுத்தால் அந்த ஊர் ஜெயில்தான் என்று தெரிந்தது. பஞ்சநதம் உள்ளேயிருந்து வந்தார். சட்டையெல்லாம் மனைவியின் ரத்தம். வந்த வேகத்தில் மாஸ்டர் கன்னத்தில் அறைந்தார். ஒரு சாதிப் பெயரை வசவாகச் சொல்லி ஏசினார். அந்த வார்த்தையை நான் எழுத மாட்டேன்.

"ரெண்டு வெரல எடுத்துட்டாங்கடா! சோத்த ஆக்கிப் போட வந்த நாயி, ஒனக்கு என்னடா கேடு!"

மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை. போலீஸ் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பிரித்துத் தடுமாறிப் பெயரை வாசித்தார். "வைர... கண்ணு?"

"ஆமாங்க. வைரக்கண்ணு" என்றேன் நான்.

பஞ்சநதம் மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது.

"எந்த ஊரு நீ?"

"கொன்றைச்சேரி."

பஞ்சநதம் சுவரில் சாய்ந்தார். மாஸ்டர் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார்.

"உள்ள வச்சு சாத்துனா செத்துப்போவாங்க ஐயா. எனக்குத் தெரியும். எம் பொண்டாட்டிய நான்தான் சாத்திக்கன்னு சொன்னேன். தொறக்காதன்னு சொன்னேன். அவ தொறக்கல. நான்தான் கொன்னேன்."

"இல்ல" என்றார் பஞ்சநதம்.

"நான்தாங்க கொன்னேன்."

"இல்லப்பா! அவங்க தாப்பாள எடுத்துட்டாங்க. உள்ளேருந்து கதவ இழுத்தாங்க. வரல. வெளில வளையத்துல சங்கிலி கெடந்துது, மாடு கட்டுற சங்கிலி. பண்ணையாரு எங்க பெரியப்பா, அவருதான் எடுத்துக் குடுத்தாரு. பொங்கல் லீவுக்கு வந்திருந்தேன். பத்தொம்பது வயசு. நான்தான் மாட்டினேன்."

பஞ்சநதத்துக்குப் பின்னால், கட்டுப் போட்ட கையோடு சக்கர நாற்காலியில் சாவித்திரி அம்மாவைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

மாஸ்டர் எழுந்தார். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது.

"தட்டுனாளா?"

பஞ்சநதம் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"கேக்கிறேன்ல. தட்டுனாளா?"

"தட்டினாங்க. ரெண்டு பேரும்."

"என்ன சொன்னா?"

"வேண்டாம்ப்பா."

"என்ன சொன்னா?"

"ஒம் பேரச் சொன்னா. வைரக்கண்ணு, வைரக்கண்ணுன்னு. கூரை எறங்குற வரைக்கும் அதேதான். நாப்பது வருஷமா அந்தப் பேரு..."

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். பொன்னுத்தாய் எட்டு மாசத்தில் ஒரு நாளும் சொன்னதில்லையாம்.

முதல் அடியில் பஞ்சநதத்தின் கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. இரண்டாவது அடியில் விழுந்தார். மாஸ்டர் மேலே உட்கார்ந்து அடித்தார். அறுபது வயசு மனிதர், அண்டா தூக்கிய கை. வாயில் அடித்தார், நெஞ்சில் அடித்தார், தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினார். பஞ்சநதம் கையைத் தூக்கவே இல்லை. போலீஸ்காரர்கள் தடியால் மாஸ்டர் முதுகில் விளாசினார்கள், அதற்கும் அவர் விடவில்லை. நான் மாதாவே மாதாவே என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். போய்ப் பிடித்திருக்கலாம். ஏன் பிடிக்கவில்லை என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன், இங்கே சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்துதான் அவரைப் பிரித்தார்கள்.

தோளில் கட்டோடு நின்ற மேனேஜரைச் சாவித்திரி அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, போலீஸ்கிட்ட சொல்லுங்க. கண்ணாடியில நானா கை வச்சேன். எனக்குப் புகார் இல்ல."

"அம்மா, சாரை அடிச்சதுக்கு..."

"அவரு வழுக்கி விழுந்தாரு. அப்படித்தானே?" என்று கீழே கிடந்த புருஷனைப் பார்த்தார். பஞ்சநதம் ரத்தம் வழிய ஆமாம் என்று தலையை அசைத்தார். "பொண்ணு பாக்க வந்தப்ப பாங்கு வேலைன்னு மட்டுந்தான் சொன்னாங்க" என்றார் சாவித்திரி அம்மா. அதற்குப் பிறகு அந்தப் பயணம் முடிகிற வரைக்கும் அவர் புருஷனோடு பேசி நான் கேட்கவில்லை.

கம்பெனிப் பெயர் கெடக் கூடாது என்று மேனேஜரும் புகார் எழுதவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து மாஸ்டரை விட்டார்கள். மிச்சப் பேர் கிரானடா போனார்கள், ஓட்டலில் ரொட்டி தின்றார்கள். எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று. விமானத்தில் மாஸ்டர் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"மச்சான்கிட்ட சொல்லணும். நான் சொன்னதக் கேட்டு அவ சாவல. மாட்டி வச்சுக் கொன்னுருக்கானுங்கன்னு சொல்லணும். அப்பறம் அவரு வெட்டுனாலும் சரி."

வைகாசிக் கடைசியில் கொன்றைச்சேரிக்குப் போனோம். வாய்க்கால் வறண்டு கிடந்தது. தெருவில் குடிசை ஒன்றுகூட இல்லை, எல்லாம் அரசாங்கத்துக் கான்கிரீட் வீடு. இராஜாங்கம் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தஞ்சு வயசு. சங்கம் போராடி வாங்கிக் கொடுத்த ஒரு ஏக்கரில் சொந்தச் சாகுபடி.

"யாரு?"

"நான்தான் மச்சான்."

இராஜாங்கம் நிமிர்ந்து பார்த்தார். கையில் காம்பு செதுக்குகிற வாய்ச்சி இருந்தது. நான் ஒரு அடி பின்னால் போனேன். மாஸ்டர் முன்னால் போனார்.

"மச்சான், வெளியில சங்கிலி போட்டிருக்கானுங்க. மாட்டுனவனே எங்கிட்ட சொன்னான். அவ தாப்பாளத் தொறந்திருக்கா. தட்டியிருக்கா. எம் பேரச் சொல்லிக் கூப்புட்டுருக்கா."

"சங்கிலி போட்டிருந்தத நீ வந்து எனக்குச் சொல்றியா?" இராஜாங்கம் வாய்ச்சியைக் கீழே வைத்தார். "விடிஞ்சதும் ரம்பத்தப் போட்டு அந்தச் சங்கிலிய அறுத்தவன் நான்டா. கதவோட ஒட்டிக்கிட்டுக் கெடந்தா எந்தங்கச்சி. கையால பிச்சி எடுத்தேன். சங்கிலியக் கோர்ட்டுல கொண்டுபோயி வச்சேன். மாட்டுச் சங்கிலி எல்லா வீட்டுலயுந்தான் கெடக்கும்னு தூக்கிப் போட்டுட்டாரு அவனுங்க வக்கீலு."

மாஸ்டர் கேட்டார். "அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்."

"அடச்சு வச்சிட்டு ஓடுனவன்னு சொல்லி விட்டீங்களே. எல்லைய மிதிச்சா உசுரு இருக்காதுன்னு..."

"ஆமா, சொன்னேன். தங்கச்சியக் கரியா அள்ளுனவன் வேற என்னடா சொல்லுவான்? மச்சான் ஏசுனா மாப்ள வந்து எதுத்து நிக்கணும். ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டு உருண்டிருக்கணும். கருமாதிக்கு ஒன்னத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

"ஜெயில்ல இருந்தேன் மச்சான்."

"மூணு வருஷம் ஜெயிலு. மிச்சம் முப்பத்தாறு வருஷம்?"

சொல்லிக்கொண்டே அறைந்தார். மாஸ்டர் வாசற்படியில் போய் விழுந்தார். செதுக்கிய காம்பை எடுத்துக் காலில் அடித்தார், தோளில் அடித்தார், கோணல் கையில் அடித்தார். "அவ ஒம் பேரச் சொன்னாளா? ஒம் பேரச் சொல்லிக் கூப்புட்டாளா? கூப்புட்டவளுக்கு ஒரு சூடம் கொளுத்த வந்தியாடா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. மாஸ்டர் தடுக்கவில்லை. உதட்டில் ரத்தத்தோடு, "அடிங்க மச்சான், அடிங்க" என்றார்.

சத்தம் கேட்டுத் தெரு ஓடி வந்தது. வெளியூர் ஆள் எவனோ பெரியவரிடம் வம்புக்கு வந்துவிட்டான் என்று நினைத்து நாலைந்து இளவட்டங்கள் பாய்ந்தார்கள். ஒருவன் மாஸ்டரின் விலாவில் உதைத்தான். இன்னொருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

இராஜாங்கம் காம்பைத் திருப்பி அந்த உதைத்த காலிலேயே ஒரு போடு போட்டார். பையன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். அவர் மாஸ்டரின் மேல் காலை அகட்டி நின்றுகொண்டு காம்பை ஓங்கினார். மூச்சு வாங்கியது, மூக்கும் கண்ணும் ஒழுகியது.

"எவனாவது கிட்ட வந்தீங்க, மண்டையப் பொளந்துருவேன்! இவன் எந்தங்கச்சி புருஷன்டா!"